செக்குவோயா அம்பத்தூரில் வளருமா?

ராட்சத செக்குவோயா மரத்தின் விதைகளை இணையக் கடைகளில் சிறு பொட்டலங்களாக விற்கிறார்கள். பருமனில் உலகிலேயே மிகப் பெரிய மரம் அது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர். கத்தரியும் வெண்டையும் காய்த்துக் கைக்கு வந்துவிட்டால், அடுத்தாற்போல அரிதான ஒன்றை வளர்த்துப் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. அப்போது எழும் கேள்விதான் இது: இங்கே வளருமா?

‘அது குளிர்தேசத்து மரம், வளராது’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் தவறு இல்லை, ஆனால் அந்தப் பதில் எதையும் விளக்கவில்லை. குளிர் அந்த மரத்துக்கு என்ன செய்து கொடுக்கிறது? வெயில் எதைக் கெடுக்கிறது? இதைக் கேட்டுக்கொண்டே போனால், முதலில் ஒரு புதிரில் வந்து முட்டிக்கொள்வோம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் மேற்குச் சரிவில், ஏறத்தாழ 1,400 முதல் 2,150 மீட்டர் உயரம்வரை உள்ள ஒரு குறுகிய பட்டையில், எழுபது எண்பது தோப்புகளாகச் சிதறி நிற்கின்றன இந்த மரங்கள். இயற்கையாக அவை வளர்வது உலகில் அங்கே மட்டும்தான். அந்தத் தோப்புகளுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் நீர், மழையும் வெண்பனியும் சேர்த்து, 900 முதல் 1,400 மில்லிமீட்டர். சென்னையின் ஆண்டு மழை எவ்வளவு? ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். நமக்குப் பெய்வது அந்த மரங்களுக்குக் கிடைப்பதன் மேல் எல்லைக்குச் சமம்.

அங்கே கோடையில் மழை பெய்வதால் மரம் பிழைக்கிறது என்றும் சொல்ல முடியாது. சியராவின் கோடை வறண்டது. மே மாதத்துக்குப் பிறகு செப்டம்பர்வரை பெரிதாக மழையே இல்லை. நமக்கு ஜனவரி முதல் மே வரை எப்படியோ, அவர்களுக்கு அந்த மாதங்கள் அப்படி. மழையின் அளவு ஒன்று, வறண்ட மாதங்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்று. அப்படியிருக்க, ஓரிடத்தில் 83.8 மீட்டர் உயரமும் அடியில் 31 மீட்டர் சுற்றளவும் கொண்ட ‘ஜெனரல் ஷெர்மன்’ என்ற செக்குவோயா எழுந்து நிற்கிறது. அதன் தண்டின் கன அளவு மட்டும் 1,487 கன மீட்டர். இன்னோர் இடத்தில் அதே மழைக்குப் பிறகு நாம் மே மாதம் தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

வேறுபாடு எவ்வளவு பெய்கிறது என்பதில் இல்லை. பெய்தது எங்கே தங்குகிறது, எப்போது இறங்கி வருகிறது என்பதில் இருக்கிறது. சியராவில் பெரும்பகுதி நீர் குளிர்காலத்தில் வெண்பனியாக விழுகிறது. விழுந்தது ஓடுவதில்லை, மரத்தடியிலேயே குவிகிறது. செக்குவோயாத் தோப்புகளில் குளிர்காலத்தின் நடுவில் இடுப்பளவு, சில இடங்களில் ஆளுயரம் பனி கிடக்கும். வசந்தம் வந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாக உருகி, மண்ணுக்குள் இறங்குகிறது. கடைசிப் பனி கரையும்போது கோடை பிறந்திருக்கும். மண்ணில் ஊறிய அந்த ஈரத்தை வைத்துத்தான் மரம் அடுத்த மாதங்களை ஓட்டுகிறது.

மேற்குச் சென்னைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிது அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் அடித்துக் கொட்டும் மழையைக் கரை கட்டி நிறுத்தி, மதகு திறந்து, தை மாசி தாண்டியும் வயலுக்கு விடுவதற்காகத்தான் அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் என்று இந்த நிலம் முழுவதும் ஏரிகளை வெட்டி வைத்தார்கள் முன்னோர். சியராவில் அந்த வேலையைப் பனி செய்கிறது. கரையும் மதகும் இல்லாத ஏரி அது. குளிர் அதை நிறுத்தி வைக்கிறது. வெயில் மெல்ல மெல்ல மதகைத் திறக்கிறது. மலைச்சரிவு முழுவதும் பரவிக் கிடப்பதால் வாய்க்காலும் தேவையில்லை. ஒவ்வொரு மரத்தின் வேரடியிலும் அதற்கென்று ஒரு பங்கு நீர் காத்திருக்கிறது.

இந்த ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று எப்படி அளப்பது? செம்பரம்பாக்கத்தில் அளவுகோலைப் பார்த்து இத்தனை அடி என்று சொல்லிவிடலாம். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பது சென்னையில் செய்தி கேட்கிற எல்லோருக்கும் பழக்கமான எண். பனியில் அது நடக்காது. புதுப்பனி பஞ்சாகக் கிடக்கும். பழைய பனி இறுகிக் கிடக்கும். ஒரே ஆழத்தில் நீரின் அளவு பல மடங்கு வேறுபடும். இதற்கு வழி கண்டவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் பழைய லத்தீன் இலக்கியம் கற்பித்த பேராசிரியர். மலையேறும் ஆர்வத்தில் பனியைக் கவனிக்கத் தொடங்கியவர், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஓர் எளிய கருவியைச் செய்தார். உள்ளீடற்ற ஒரு நீளக் குழாயைத் தரைவரை பனியில் இறக்கு, உள்ளே புகுந்த பனியோடு வெளியே எடு, எடை போடு. அந்தப் பனி உருகினால் எத்தனை அங்குல நீர் நிற்கும் என்று எடை சொல்லிவிடும். பனியின் ‘நீர்மதிப்பு’ என்று இதைத் தமிழில் சொல்லலாம். இன்றும் கலிஃபோர்னியாவில் குழாயும் தராசும் கொண்டு இப்படி அளக்கிறார்கள். ஆண்டின் முக்கியமான அளவு ஏப்ரல் முதல் தேதி எடுப்பது. பனி அநேகமாக உச்சத்தில் இருக்கும் நாள் அது.

2015 ஏப்ரல் 1 அன்று அந்த அளவு, வழக்கமாக இருக்க வேண்டியதில் 5 விழுக்காடு மட்டுமே. அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை. அன்று மாநில ஆளுநர் ஜெரி பிரவுன் பனி அளக்கும் இடத்துக்குப் போனபோது, ஆளுயரப் பனி கிடக்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல்லின்மீது நின்றார். மலையின் ஏரி வற்றியிருந்தது. நமக்கு அது 2019 ஜூனில் புழலும் செம்பரம்பாக்கமும் தரை தெரியக் கிடந்ததைப் போன்ற ஒரு நாள்.

அந்த வறட்சி செக்குவோயாக்களை என்ன செய்தது என்பதைச் சொல்லுமுன், அவை எப்படிக் குடிக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

நன்கு வளர்ந்த ஒரு செக்குவோயா கோடை நாள் ஒன்றுக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் லிட்டர் நீரை உறிஞ்சுகிறது. நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரி, நான்கைந்து மரங்களுக்கு ஒரு நாளைக்குத்தான் காணும். இவ்வளவு நீரை எண்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவது எது? மரத்தில் மோட்டார் இல்லை, இதயமும் இல்லை. கீழிருந்து தள்ளுவது எதுவும் இல்லை. மேலிருந்துதான் இழுக்கப்படுகிறது. இலைகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுகிறது. இது நீராவிப்போக்கு. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. மேலே ஒன்று ஆவியாகப் போகும்போது, அதைப் பற்றியிருக்கும் அடுத்தது அந்த இடத்துக்கு இழுபடுகிறது, அதன்பின் அடுத்தது. இலையிலிருந்து வேர்நுனிவரை, மயிரிழையைவிட மெல்லிய மரக்குழல்களுக்குள், அறுபடாத ஒரு நீர்ச்சரம் விறைத்து நிற்கிறது. ஹென்றி டிக்சன், ஜான் ஜாலி என்ற இரு ஐரிஷ் அறிஞர்கள் 1894-ல் இந்த விளக்கத்தை முன்வைத்தபோது பலர் நம்பவில்லை. தண்ணீரைக் கயிறுபோல இழுக்க முடியுமா என்று கேட்டார்கள்.

முடியும் என்பதற்கு நல்ல சான்று வர எழுபது ஆண்டுகள் பிடித்தது. 1965-ல் பெர் ஷோலாண்டர் என்ற உடலியல் அறிஞர் ஒரு சிறு எஃகு அறையைப் பயன்படுத்தினார். வெட்டிய கிளைநுனியை அதற்குள் வைத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரியும்படி மூடிவிட்டு, உள்ளே வாயு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார். கிளையை வெட்டிய கணத்தில், இழுவிசையில் இருந்த நீர் உள்ளே பின்வாங்கியிருக்கும். எந்த அழுத்தத்தில் அது மீண்டும் வெட்டுவாயில் துளியாக எட்டிப் பார்க்கிறதோ, அந்த அளவு இழுவிசையில் மரம் இருந்தது என்று பொருள். உயர்ந்த மரத்தின் உச்சிக் கிளையை எடுக்க அவர் துப்பாக்கி சுடுவதில் தேர்ந்த ஒருவரைக் கொண்டு கிளையைச் சுட்டு வீழ்த்தச் செய்தார். இன்று ஆராய்ச்சியாளர்கள் கயிறு கட்டி மரத்தின் உச்சிக்கே ஏறுகிறார்கள். விடியுமுன் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை கிளைநுனி எடுத்து அளக்கிறார்கள். இரவு முழுவதும் இலைத்துளைகள் மூடியிருந்து மரம் இளைப்பாறிய பிறகு எடுக்கும் விடியல் அளவு, வேரடி மண்ணில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று காட்டிக்கொடுத்துவிடும். மரத்தைக் கொண்டே மண்ணை அளக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

மண்ணில் ஈரம் குறையக் குறைய இழுவிசை ஏறும். ஓர் எல்லையைத் தாண்டினால் நீர்ச்சரம் அறுந்து, குழலுக்குள் காற்றுக்குமிழ் புகுந்துவிடும். பிறகு அந்தக் குழல் நீரேற்றாது. இந்த ஆபத்து நெருங்கும்போது மரம் இலைத்துளைகளை மூடுகிறது. அதுவும் போதாவிட்டால் இலைகளையே உதிர்க்கிறது. 2014 செப்டம்பரில், அதே கடும் வறட்சியின் நடுவில், அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் நேட் ஸ்டீஃபன்சன் செக்குவோயாத் தோப்பில் அண்ணாந்து பார்த்தபோது அதைத்தான் கண்டார். பல ஆண்டுகளாக அந்தத் தோப்புகளிலேயே வேலை செய்தவர் அவர். பெரிய மரங்களின் உட்கிளைகளில் பழைய இலைகள் பழுப்பாகித் தொங்கின. மரங்கள் சாகவில்லை. செலவைக் குறைத்துக்கொண்டன. பெரும்பாலானவை தப்பின. ஆனால் நீர் போதாமல் தளர்ந்த சில மரங்களைப் பட்டை வண்டுகள் தாக்கிக் கொன்றன. பூச்சியால் இம்மரம் சாகாது என்று அதுவரை பாடநூல்கள் எழுதிவந்தன.

இப்போது விதைக்கு வருவோம். பொட்டலத்தைப் பிரித்தால் ஓட்ஸ் தவிடு சிந்தியதுபோல மெல்லிய செதில்கள். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் நீளம். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 200 விதைகள். ஒரு பெரிய மரம் ஆண்டுக்கு மூன்று நான்கு லட்சம் விதைகளைச் சிந்துகிறது. இயற்கையில் அவற்றில் மரமாவது ஒன்றுகூட இல்லாத ஆண்டுகளே அதிகம்.

அம்பத்தூர் வீட்டில் இதை முளைக்க வைப்பது கடினமல்ல. ஈரத் துணியில் அல்லது ஈர மணலில் பொதிந்து, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு மாதம் வைக்க வேண்டும். மலைக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டோம் என்று விதை எண்ணிக்கொள்ளும். தோட்டக்கலையில் இதற்குக் ‘குளிர்ப் பக்குவம்’ என்று பெயர் வைக்கலாம். பிறகு மணல் மிகுந்த, உரம் கலக்காத மண்ணின்மேல் தூவி, மெல்ல மூடி, வெளிச்சத்தில் வைத்தால் சில வாரங்களில் முளைக்கும். எல்லாம் முளைக்காது, மூன்றில் ஒன்று வந்தாலே நல்ல விளைச்சல். மார்கழியில் முளைக்குமாறு பார்த்துக்கொண்டால் முதல் இரண்டு மாதம் நாற்று பச்சையாகவே நிற்கும்.

மாடித்தோட்டக்காரர்கள் பழக்கதோஷத்தில் மண்புழு உரம் போட்டுவிடக்கூடும். வேண்டாம். மக்கு நிறைந்த மண்ணில் உள்ள பூஞ்சைகள் இந்த நாற்றின் தண்டை மண்மட்டத்தில் அழுகச் செய்துவிடும். காட்டிலும் அப்படித்தான். உதிர்ந்த இலையும் சுள்ளியும் மூடிய தரையில் விழும் செக்குவோயா விதை பிழைப்பதில்லை. அதற்கு வேண்டியது வெறும் தாது மண். மேலே திறந்த வானம். காட்டில் அதை யார் ஏற்பாடு செய்வது?

தீ. செக்குவோயாவின் கூம்புக் காய்கள் முற்றிய பிறகும் திறப்பதில்லை. பச்சையாக, மூடியபடியே இருபது ஆண்டுவரை கிளையில் தொங்கும். தரையில் பரவும் தீயின் சூடு மேலெழுந்து கூம்புகளை உலர்த்தும்போது அவை விரிந்து, இரண்டொரு வாரத்தில் விதைமழை பொழிகின்றன. அதே தீ கீழே சருகை எரித்து மண்ணைத் திறந்து வைத்திருக்கும். நிழல் தரும் சிறு மரங்களையும் அகற்றியிருக்கும். தாய்மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் பட்டை அரை மீட்டருக்கும் மேல் தடிமன். எளிதில் எரியும் பிசின் அதில் மிகக் குறைவு.

இது இன்று தெரிந்த கதை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அந்தத் தோப்புகளைக் காப்பவர்கள் எங்கே புகை எழுந்தாலும் ஓடிப்போய் அணைத்தார்கள். அன்பினால்தான் செய்தார்கள். விளைவு, பல பத்தாண்டுகள் புது நாற்றே இல்லை. 1960-களில் ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சிறு பாத்திகளில் தீ வைத்துப் பார்த்து, எரிந்த இடத்தில் மட்டும் நாற்று மண்டுவதைக் காட்டினார்கள். 1968-ல் செக்குவோயா – கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களில் திட்டமிட்டு மூட்டும் தீ தொடங்கியது. பழைய அடிமரங்களின் வளையங்களில் பதிந்த தீக்காயங்களை ஆண்டுவாரியாகக் கணக்கிட்டு டாம் ஸ்வெட்னம் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுத் தீயின் வரலாற்றைத் தந்தது. அடிக்கடி எரிந்திருக்கிறது, அதனாலேயே சிறிதாக எரிந்திருக்கிறது. நூறாண்டு அணைத்து அணைத்துச் சேர்ந்த விறகும், பனி குறைந்த வறட்சியும் ஒன்றுகூடியபோது தீயின் குணம் மாறியது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் உலகின் பெரிய செக்குவோயாக்களில் ஏறத்தாழ 13 முதல் 19 விழுக்காடு எரிந்து மடிந்தன. இரண்டாயிரம் ஆண்டு தீயைப் பார்த்துப் பழகிய மரங்கள் அவை. 2021-ல் ஜெனரல் ஷெர்மனின் அடிமரத்தைச் சுற்றி அலுமினியத் தாள் போர்த்திக் காப்பாற்றினார்கள். இந்தச் செய்தியை இன்றும் என்னால் பதறாமல் படிக்க முடியவில்லை.

சரி, நம் தொட்டி நாற்று மாசி தாண்டிப் பங்குனிக்கு வந்துவிட்டது. இனி என்ன ஆகும்?

எல்லாப் பச்சைத் தாவரமும் பகலில் ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை செய்கிறது. இரவும் பகலும் சுவாசித்து அந்தச் சர்க்கரையைக் கரைக்கிறது. செய்தது கரைத்ததைவிட அதிகமாக இருந்தால்தான் மிச்சத்தில் தண்டும் வேரும் வளரும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சுவாசம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. ஒளிச்சேர்க்கை அப்படி ஏறுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் வெப்பத்தில் இறங்கவே செய்யும். செக்குவோயாத் தோப்புகளில் ஜூலை மாதப் பகல் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ். இரவு நன்றாகக் குளிர்ந்துவிடும். அம்பத்தூரில் மே மாத இரவே அந்தப் பகலுக்குச் சமம். நம் பகலில், சூடான வறண்ட காற்றுக்கு அஞ்சி நாற்று இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். சர்க்கரை உற்பத்தி நிற்கும். இரவில் சுவாசம் மட்டும் முழு வேகத்தில் நடக்கும். நாம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1895 டிசம்பரில் 13.9 டிகிரி. செக்குவோயாவுக்கு அது ஒரு நல்ல கோடை இரவு.

நட்டுப் பார்க்காமல் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்வது என்று கேட்கலாம். உலகம் ஏற்கெனவே நட்டுப் பார்த்துவிட்டது. 1853-ல் இந்த விதைகள் பிரிட்டனுக்குப் போயின. அங்கே மலைப்பனி ஏரி கிடையாது. ஆனால் ஆண்டு முழுவதும் தூறல், மிதமான கோடை, குளிர்ந்த இரவு. இன்று பிரிட்டனில் ஐந்து லட்சம் செக்குவோயாக்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. 2024-ல் வெளியான ஆய்வொன்றில் மூன்று இடங்களில் லேசர் கதிரால் அளந்தபோது மிக உயர்ந்தது 54.87 மீட்டர் இருந்தது. ஆக, பனிதான் வேண்டும் என்பதில்லை. மண்ணில் வற்றாத ஈரமும் குளிர்ந்த இரவும் போதும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் கோடை மழை தாராளம், ஆனால் புழுக்கம். அங்கே நட்டவற்றை இலைக்கருகல் பூஞ்சைகள் கீழிருந்து மேலாகத் தின்றன. ஈரம் இருந்தும் புழுக்கம் வென்றது. நமக்கோ நீண்ட வறட்சி, சூடான இரவு, புழுக்கம் மூன்றும் உண்டு. முளைக்கும், மரமாகாது. என் முடிவு அதுதான்.

நீலகிரியில் நடலாமே என்று அடுத்த கேள்வி வரும். தட்பவெப்பம் இடம் கொடுக்கக்கூடும். ஆனால் அங்கே மலைப் புல்வெளிகளை மூடிச் சீகை, தைலம், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டதன் சுமையை மலை இன்னும் சுமக்கிறது. இன்னொன்றை நடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊசியிலை மரம் என்றாலே வெப்பம் ஆகாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. செக்குவோயாவின் குடும்பத்தைச் சேர்ந்த சதுப்புநில சைப்ரஸ், அமெரிக்காவின் வெப்பமான லூசியானாச் சதுப்புகளில் நீரில் நின்று செழிக்கிறது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் வரும் ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஊசியிலை மரங்களின் இலைப்பதிவுகள் கிடைத்திருக்கின்றன. ஒட்டோகார் ஃபைஸ்ட்மான்டல் 1879-ல் அவற்றை விவரித்தார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. அதுவும் ஊசியிலை இனம்தான். இந்த மண்ணில் அவை இருந்த காலம் உண்டு. ஒவ்வொரு மரமும் தான் வாழ்ந்த இடத்தின் நீர்க்கணக்குக்கும் இரவுக்கும் ஏற்பத் தன்னை வகுத்துக்கொள்கிறது. செக்குவோயா பனி ஏரிக்கு ஏற்ப வகுத்துக்கொண்டது.

வளர்க்க முடியாத மரத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம், அதைப் பராமரித்தவர்கள் கற்ற ஒன்று நமக்கு நேராகப் பயன்படும் என்பதே. அது வேரைப் பற்றியது. இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் பாதாளம்வரை போகும் என்று நினைப்போம். வளர்ந்த செக்குவோயாவுக்கு ஆணிவேரே இல்லை. வேர்கள் நான்கு மீட்டர் ஆழத்தைத் தாண்டுவது அரிது. பக்கவாட்டில் முப்பது மீட்டருக்கும் மேல் பரவுகின்றன. முதிர்ந்த மரங்கள் பெரும்பாலும் நோயால் சாவதில்லை. சாய்ந்து விழுந்து சாகின்றன. 1920-களிலேயே எமிலியோ மைனெக்கே என்ற தாவர நோயியலாளர், பார்வையாளர்களின் கால்களும் வண்டிகளும் வேரடி மண்ணை இறுக்கி, நீரும் காற்றும் இறங்காமல் செய்கின்றன என்று எச்சரித்தார். பல பத்தாண்டுகள் கழித்து, 1990-களின் இறுதியில், ‘ராட்சதக் காடு’ என்ற புகழ்பெற்ற தோப்பிலிருந்து 200-க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் தார்த் தரையையும் பெயர்த்தெடுத்தார்கள். விடுதிகளும் கடைகளும் வருமானம் தந்தவைதான். மரங்களுக்காக எடுத்தார்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விழுந்து கிடந்தவற்றின் அடியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பல மரங்களுக்கு வேர்ப்பந்து ஒரு சிமெண்டுத் தொட்டியின் அளவில்தான் இருந்தது. ஒரு பக்கம் நடைபாதை, மறுபக்கம் கால்வாய்ச் சுவர், நடுவில் கேபிளுக்குத் தோண்டிய குழி. பிடிமானம் எங்கிருந்து வரும்? அடையாறு ஆலமரம் 1989 புயலில் மூல அடிமரத்தையே இழந்தது. இருந்தும் இன்றும் வாழ்கிறது. அதன் விழுதுகள் இறங்கி வேரூன்றத் திறந்த மண் அங்கே இருந்தது.

நம் பகுதிக்கு ராட்சத மரம் வேண்டுமானால் நம்மிடமே உண்டு. ஏரிக்கரைக்கு நீர்மருது, நாவல், இலுப்பை, பனை. தெருவுக்கு வேம்பு, புங்கன், பூவரசு. இடம் இருக்கிற பள்ளி மைதானத்துக்கு ஆலும் அரசும். இவையும் நம் வறண்ட மாதங்களை மண்ணில் ஊறிய ஐப்பசி மழையைக் கொண்டுதான் கடக்கின்றன. அந்த மழை ஏரியில் நின்றால் நிலத்தடியில் ஈரம் இருக்கும். ஏரியைத் தூர்த்து மனை போட்டுவிட்டுக் கரையில் மரம் நட்டால், பனி பொய்த்த ஆண்டுகளில் செக்குவோயாவுக்கு ஆனதுதான் இவற்றுக்கும் ஆகும்.

ஒரு வேலை மட்டும் உடனே செய்யலாம். உங்கள் தெருவில் அடிமரம்வரை சிமெண்டு பூசிய மரம் இருக்கிறதா என்று பாருங்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள சிமெண்டைப் பெயர்க்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே ஆணையிட்டது. அதை எடுத்துக்காட்டி உங்கள் வார்டு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். சிமெண்டு பெயர்த்த வட்டத்தில் சருகைப் பரப்பி, முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை தண்ணீர் விடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்து முடித்தால், அந்த ஆண்டு மழையே மரத்துக்குக் கிடைத்துவிடும்.